விலா எலும்புகளுக்குப் பின்னால் ஒரு ஜோடி மீன்

எக்ஸ்ரே அக்கா ஒரு நாளைக்கு அறுபது பேரிடமாவது சொல்ல வேண்டியது ஒன்றேதான். “மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க... விடலாம்.” மருத்துவமனையின் ஈயக் கதவு போட்ட அறையில் இருபத்திரண்டு வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஊரையே அசையாமல் நிற்க வைத்தவளுக்குத் தான் மட்டும் ஓரிடத்தில் நிற்க வராது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். ஊன்றிய விதை முளைத்துவிட்டதா என்று மூன்றாம் நாளே தோண்டிப் பார்ப்பவள். அப்படிப்பட்டவள் ஆடு மாடு வளர்த்திருந்தாலும் அவை பிழைத்திருக்கும். அவள் ஆசைப்பட்டது சிக்லிட் மீனை.

கணவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தால் மூன்று மணி நேரத்துக்கு விரல் நுனி தவிர வேறெதுவும் அசையாது. இந்த வீட்டில் ஒரு முள் ஓடிக்கொண்டே இருக்கிறது, இன்னொரு முள் நின்றுபோய்விட்டது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவர் அதற்கும் அசைய மாட்டார்.

முன்னறையில் செருப்பு அலமாரிக்கு மேல் இரண்டடி நீளத்தில் கண்ணாடித் தொட்டி. அதில் ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி. உடம்பெல்லாம் கறுப்பு வரி, பெண்ணுக்கு மட்டும் வயிற்றில் ஆரஞ்சுப் பூச்சு. கணவர் அவற்றை வரிச் சட்டை போட்ட கைதிகள் என்பார். ஓரத்தில் விளிம்பு உடைந்த மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தாள். உடைந்த இடம்தான் வாசல். பெண்மீன் அதற்குள் புகுந்து, சட்டியின் உட்புறத்தில் வரிசை வரிசையாக முட்டை ஒட்டும். ஆண்மீன் வாசலில் நின்று காவல் காக்கும். முட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் சட்டியைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

தூக்கினாள். முதல் தடவை, ஒரு நாளைக்கு நாலு வேளை, டார்ச் அடித்து. இரண்டாம் நாள் முட்டையில் ஒன்று கூட மிச்சமில்லை. இரண்டாம் தடவையும் அதே கதை. மீன் கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பயந்துபோன சிக்லிட் தன் முட்டையைத் தானே தின்றுவிடும், பத்து நாள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது என்றார்.

மூன்றாம் தடவை அவள் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் முட்டை போய்விட்டது. சட்டியை நான் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தாள். கடைக்காரர் சிரித்தார். தங்கை போனில் சிரித்தாள். கணவர் மட்டும் சிரிக்கவில்லை. போகப் போக அவளுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. யோசனையில்லாமல் தூக்கியிருப்போமோ? பழகின கை, யார் கண்டது? இரண்டு மாதமாக அது அவளை அரித்தது. ஆண்மீனும் முட்டை போன கோபத்தைப் பெண்மீன் மேல் காட்டத் தொடங்கியது. விரட்டி விரட்டிக் கடித்ததில் அதன் வால் கிழிந்தது.

“அக்கா, இன்னொரு தடவை முட்டை போச்சுன்னா பொம்பளை மீனைக் கொண்டாந்து குடுத்துடுங்க. இதுக்கு மேல அடிபட்டா உசுரு தங்காது” என்றார் கடைக்காரர்.

நாலாவது தடவை முட்டை விழுந்த அன்று எக்ஸ்ரே அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். தன் கண்ணைத் தானே கட்டுவதற்கு வழி தேடினாள். மருத்துவமனையில் கம்ப்யூட்டர் மெஷின் வருவதற்கு முன்பு படம் சரியாக விழாமல் ஒதுக்கிய பழைய பிலிம்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. கேட்டு வாங்கி வந்து கண்ணாடியின் நாலு பக்கமும் ஒட்டினாள். ஆனால் பிலிம் என்பது வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதற்கென்றே செய்தது. தொட்டிக்குள் விளக்கைப் போட்டதும் யாரோ ஒருவரின் விலா எலும்புகளுக்குப் பின்னால் இரண்டு நிழல்கள் நீந்தின. இருபத்திரண்டு வருடம் நிழலைப் பார்த்தே சம்பளம் வாங்கியவளிடமா இந்த மறைப்பு பலிக்கும்?

இருப்புக் கொள்ளவில்லை. கழுவின பாத்திரத்தைக் கழுவினாள். அலமாரித் துணிகளை நிறவாரியாக அடுக்கி, மறுநாள் அளவுவாரியாக மாற்றினாள். வேலையில் ஒருவருக்கு வலது முழங்காலுக்குப் பதில் இடது முழங்காலைப் படம் எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள். சட்டியை மட்டும் தொடவில்லை. தொடவில்லை என்று காலண்டரில் தினம் ஒரு கோடு போட்டாள், தனக்குத் தானே சாட்சியாக.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் துடைப்பத்தோடு தொட்டியைக் கடந்தவள் நின்றாள். பெண்மீனின் நிழல் சட்டியிலிருந்து வெளியே வந்தது. தாடை உப்பியிருந்தது. பிலிமின் ஓரத்தை நகத்தால் கொஞ்சம் விலக்கினாள். மீனின் வாயோரத்தில் நூல்துணுக்கு மாதிரி ஒரு வால் துடித்தது. இன்னொன்றும் துடித்தது.

பொரிந்த குஞ்சையே தின்கிறது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு வலையை எடுத்தாள். தாயை வெளியே எடுத்துவிட்டால் மிச்சக் குஞ்சாவது தப்பும். வலை தண்ணீரைத் தொடப் போகிற நேரத்தில் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

“தின்னலை. இடம் மாத்துது” என்றார் கணவர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணில் கடிகார லென்ஸ் இருந்தது. பின்பக்கத்துப் பிலிமின் கீழ் மூலையில், கழுத்தெலும்புக்குப் பக்கத்தில், கடுகளவு ஒரு ஓட்டை. அவர்தான் போட்டிருக்கிறார்.

“நேத்திலேர்ந்து பார்க்கிறேன். கூழாங்கல்லுல பள்ளம் தோண்டி வச்சிருக்கு. குஞ்சை வாயில கவ்விட்டு வந்து அதுல துப்புது. இப்ப வலையை விட்டா பயத்துல முழுங்கிடும்.”

வாயில் குஞ்சோடு பெண்மீன் நடுவில் நின்றுகொண்டிருந்தது. மேலே வலையின் நிழல்.

“இன்னொண்ணு” என்றார் அவர், தாழ்ந்த குரலில். “போன தடவை நீ தூக்கலை. நான்தான் தூக்கினேன். நீ படுற பாட்டைப் பார்க்க முடியலை. ஒரு தடவை பார்த்துட்டு, நல்லா இருக்குன்னு உங்கிட்ட சொல்லிடலாம்னு நினைச்சேன்.”

இரண்டு மாதம். சத்தியம் செய்து, சிரிப்புக்கு ஆளாகி, கடைசியில் தன் கையையே நம்பாமல் போன இரண்டு மாதம். பக்கத்திலேயே உட்கார்ந்து கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். வேறு நேரமென்றால் வீடு இடிகிற மாதிரி கத்தியிருப்பாள்.

பெண்மீன் இன்னும் துப்பவில்லை.

“மூச்சைப் பிடிங்க. அசையாதீங்க” என்றாள், உதடு மட்டும் அசைய. அவரிடம் சொன்னாளா, தனக்கே சொன்னாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. இருவரும் உயர்த்திய கையோடு நின்றார்கள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. இருபது வருடக் குடித்தனத்தில் முதல் தடவையாக அவள் அதற்கு ஓடவில்லை. பெண்மீன் மெல்லத் திரும்பியது, சட்டியைச் சுற்றிப் பின்னால் போனது, பள்ளத்தின் மேல் தலை கவிழ்ந்தது. வாயைத் திறந்தது. ஒன்று, இரண்டு, ஏழெட்டு நூல்துணுக்குகள் கல்லின் மேல் விழுந்து வாலாட்டின. ஆண்மீன் வந்து பள்ளத்துக்குக் காவலாக நின்றது.

“விடலாம்” என்றாள்.

கண் நிறைந்து வழிந்தது. விலக்கிய பிலிமை அழுத்தி ஒட்டினாள். பிறகு கணவரின் சட்டையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போய், கதவைச் சாத்தி, மீனுக்குக் கேட்காத குரலில் அரை மணி நேரம் சண்டை போட்டாள்.