உணர்ச்சி உண்டு

முள்ளியவளையிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போகிற வழியில், காட்டோரமாக, இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் உள்ள ஆஸ்பத்திரி எங்களுடையது. புண்ணுக்கு மருந்து கட்டுவது என் வேலை. டொக்டர் கிழமையில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நானே டொக்டர் என்ற நினைப்பு எனக்கு. வாயும் பொல்லாதது. வீரகத்தியரிடம் போனால் புண் ஆறும், மனம்தான் புண்ணாகும் என்று சனம் என்னைப் பற்றிச் சொல்வது எனக்குத் தெரியும்.

ராக்காயி முதன்முதலாக வந்தது 1979 இல். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள். எழுபத்தேழு கலவரத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தபோது, புருஷன் சுடலைமுத்துவோடு உடுத்த துணியுடன் லொறியேறி வன்னிக்கு வந்தவள். எங்கள் ஊருக்கு அப்பால் காட்டை வெட்டிக் குடிசை போட்டு, கச்சான் கடலை பயிர் செய்துகொண்டிருந்த சனத்தில் ஒருத்தி. தாயும் தகப்பனும் அதற்கு முன்னரே இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள். சொந்தமென்று ஒரு பெண்பிள்ளை இங்கே அவளுக்கு இல்லை.

வலது உள்ளங்கை கொப்புளித்து உடைந்து சீழ் பிடித்திருந்தது. கொதித்த சோற்றுப் பானையை வெறுங்கையால் இறக்கினாளாம். செத்த தோலைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். நல்ல திடகாத்திரமான ஆம்பிளைகளே அம்மா என்று அலறுகிற இடம் அது. அவள் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோகேல்லையோ?"

"இல்லீங்க."

"பொய் சொல்லாதை. நீ என்ன, கல்லிலை செய்த ஆளோ?"

அவள் சிரித்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு முழங்கையில் விளக்குச் சுட்டதென்று வந்தாள். தோளில் கொள்ளிக்கட்டை பட்டதென்று வந்தாள். வருஷத்துக்குள் ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் ஏசினேன். கண்ணைப் பிடரியிலா வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். சனத்துக்கு முன்னால் கேட்டேன்.

நோகாத புண் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு பெயர்தான். குட்டம். கதை பரவியது. பொதுக்கிணற்றில் வாளி போடவேண்டாம் என்று பெண்கள் தடுத்தார்கள். களை பிடுங்கக் கூப்பிட்டவர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒருநாள் சுடலைமுத்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஐயா, ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அந்த வியாதியா, இல்லையா? நீங்க சொல்லலேன்னா நாங்க குடிக்கத் தண்ணிக்கு எங்க போறது?"

அதற்கு ஒரு சோதனை எனக்குத் தெரியும். அவளைக் கண்ணை மூடச் சொன்னேன். பஞ்சைத் திரித்து நுனியால் தொட்டேன். விரல் நுனி, உள்ளங்கை, புறங்கை, முழங்கை, தோள். தொட்ட ஒவ்வொரு முறையும் "தொட்டீங்க" என்றாள். தொடாமல் ஏய்த்தும் பார்த்தேன், பேசாமல் இருந்தாள். ஒரு இடத்தில்கூட அவள் பிழை விடவில்லை. பக்கத்துத் தட்டில் ஊசியும் கிடந்தது. அதை நான் எடுக்கவில்லை. ஏற்கெனவே கையெல்லாம் புண், இதில் ஏன் வேறு குத்துவான் என்று நினைத்தேன். என் உத்தியோகத்தில் நான் இரக்கப்பட்ட நாட்கள் குறைவு. அது அதிலொன்று.

கடதாசித் துண்டில் பெரிய எழுத்தில் எழுதினேன்: குட்டம் இல்லை. உணர்ச்சி உண்டு. கீழே கையெழுத்தும் வைத்தேன்.

"உன்ரை கை நல்ல கை. கவனம்தான் இல்லை" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தத் துண்டை அவள் பொலித்தீன் பையில் போட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள். கிணற்றடியில் காட்டினாள். வாசிக்கத் தெரிந்த ஒருத்தி உரத்து வாசித்தாள். வாளி போட விட்டார்கள். நான் ஊருக்குள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் வியாதி இல்லையென்றால் பின்னே ஏன் சுடவில்லை? அந்தக் கேள்விக்கு அவளுடைய சனமே பதில் கண்டுபிடித்தது. பாலை மரத்தடியில் ஒரு கல்லை நட்டு மாரியம்மன் என்று கும்பிட்டுவந்தார்கள். ஆடியில் தீச்சட்டி எடுப்பார்கள். சட்டிக்குக் கீழே வேப்பிலையும் ஈரத்துணியும் வைத்துத்தான் எவரும் ஏந்துவது வழக்கம். ராக்காயி இரண்டையும் தள்ளிவிட்டு, தணல் கொட்டிய சட்டியை வெறுங்கையில் ஏந்திக் குடியிருப்பை மூன்று தரம் சுற்றினாள். முகம் சுளிக்கவில்லை. கிணற்றடியில் தடுத்த பெண்கள் வந்து அவள் காலில் விழுந்தார்கள். அடுத்த வருஷமும் எடுத்தாள், வயிற்றில் பிள்ளையோடு. நான் கொப்புளங்களுக்கு மருந்து கட்டினேன். கட்டிமுடித்துக் கும்பிட்டேன். அதை ஏன் மறைப்பான்.

இரண்டு பிள்ளை வயிற்றிலேயே அழிந்த பிறகு தங்கியது அது. 1981 முடிகிற மாதத்தில் பெண் பிறந்தது. இரஞ்சிதம் என்று பெயர் வைத்தார்கள்.

பச்சைப் பிள்ளையைக் குளிக்க வார்ப்பதென்றால் வயதான பெண்பிள்ளை ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே குப்புறக் கிடத்தி, பதமான சுடுதண்ணீரை ஊற்றுவாள். ராக்காயியின் தாய் கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தாள். பிள்ளைக்கு மூன்றாம் மாதத்தில் ஒரு காலை, சுடலைமுத்து கச்சான் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம், ராக்காயி தானே உட்கார்ந்தாள். எந்தத் தாயும் செய்வதைத்தான் செய்தாள். தண்ணீருக்குள் கையை விட்டுப் பதம் பார்த்தாள்.

உழவு மெஷின் பெட்டியில் இருவரையும் கொண்டுவந்தார்கள். பிள்ளை வாழையிலையில் கிடந்தது. முதுகு முழுவதும் தோல் போயிருந்தது. தாயின் முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வெந்திருந்தன. கையும் வெந்திருந்தது, ஆனால் கையை அவள் பார்க்கவேயில்லை.

"கைய வச்சுப் பாத்தேங்க. பச்சத்தண்ணி மாதிரிதான் இருந்திச்சு. ஊத்துனேன். புள்ள வீறிட்டிச்சு. அப்பத்தாங்க எங்காலு சுட்டிச்சு." கொஞ்சம் மூச்சுவிட்டுக் கேட்டாள். "கை நல்ல கைன்னு சொன்னீங்களே, ஐயா?"

குற்றம் சாட்டவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டாள்.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். பிள்ளையைக் காப்பாற்றினார்கள். இரண்டு மாதம் எடுத்தது. முதுகில் தோல் சுருங்கித் தழும்பாக நின்றுவிட்டது. அங்கேதான் ஒரு டொக்டர் அம்மா ராக்காயியைச் சோதித்தா. என்னைப்போலக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டா. "தொட்டீங்க." பிறகு ஊசியால் குத்தினா. ராக்காயி அதற்கும் "தொட்டீங்க" என்றாள். இரண்டு கண்ணாடிக் குழாயில் சுடுதண்ணீரும் ஐஸ் தண்ணீரும் எடுத்து மாறி மாறிக் கையில் வைத்தா. இரண்டும் ஒன்றுதான் என்றாள். தோளிலும் அப்படியே. காலில் வைத்தபோது மட்டும் இழுத்துக்கொண்டாள்.

டொக்டர் அம்மா என்னை வெளியே கூப்பிட்டுப் படம் கீறிக் காட்டினா.

"தொடுகிறது ஒரு வழியாலை போகுது, நோவும் சூடும் வேறை வழியாலை போகுது. தொடுகிறது முள்ளந்தண்டுக்குள்ளை வந்து அப்பிடியே நேரை மேலை ஏறும். நோவும் சூடும் அப்பிடியில்லை. உள்ளை வந்ததும் செய்தியை இன்னொரு நரம்புக் கலத்திட்டைக் குடுக்கும். அந்தக் கலத்தின்ரை நார் நடுவாலை கடந்து மற்றப் பக்கம் போய்த்தான் மூளைக்கு ஏறும். நீங்கள் முல்லைத்தீவிலையிருந்து வந்து பரந்தனிலை இறங்கி பஸ் மாறி ஏறிறமாதிரி. இவவுக்கு அந்த நடுவிலை தண்ணி கட்டிக் குழி விழுந்திருக்கு. கடக்கிற நாரெல்லாம் அதிலை அறுந்துபோச்சு. கைக்கும் தோளுக்கும் உரிய இடம்தான் இப்ப போனது. கால் இன்னும் தப்பியிருக்கு."

"மாறுமோ, டொக்டர்?"

"அறுந்தது அறுந்ததுதான். கொழும்பிலை ஒப்பரேசன் செய்தால் குழி பெருக்காமல் நிப்பாட்டலாம். இல்லாட்டி மேலையும் போகும், கீழையும் போகும்."

பஞ்சும் ஊசியும் ஒரே தட்டில்தான் கிடந்தன. அதை இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு குத்துக் குத்தியிருந்தால் போதும்.

கொழும்பிலிருந்து ஒப்பரேசனுக்கு நாள் கிடைத்தது: 1983 ஆவணி. அதற்கு முந்திய மாதம் கலவரத்தில் கொழும்பு எரிந்தது. எரிந்து தப்பிய சனம் பஸ் பஸ்ஸாக வன்னியில் வந்து இறங்கியது. நாள் போட்ட கடிதத்தைச் சுடலைமுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். "ஒருதரம் லயத்தில எரிஞ்சது போதுங்க" என்றான். வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. என்ன சொல்லி வற்புறுத்துவேன்.

அந்த ஆடியிலும் தீச்சட்டி எடுக்கக் கேட்டு வந்தார்களாம். ராக்காயி கையை நீட்டிக் காட்டினாளாம். விரல்கள் மெலிந்து மடங்கத் தொடங்கியிருந்தன. "ஆத்தா எனக்கு ஒண்ணும் குடுக்கலீங்க. எடுத்துக்கிட்டா" என்று சொல்லி அழுதாளாம்.

பிள்ளையைக் குளிப்பாட்டுவது தகப்பன், சோறு சமைப்பது தகப்பன். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதை மட்டும் அவள் ஒருவருக்கும் விடவில்லை. மலேரியா ஓயாத காடு அது. கையால் பார்க்க முடியாது. அதனால் கன்னத்தை இரஞ்சிதத்தின் நெற்றியில் வைப்பாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து "நூத்தி ரெண்டு இருக்குமுங்க" என்பாள். தேமாமீற்றர் வைத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். "பிறகேன் எனக்கு இந்தக் கண்ணாடிக் குச்சி?" என்று பகிடி விடுவேன். அப்போது அவள் முகத்தில் வருகிற சிரிப்பைப் பார்க்கவே பகிடி விடுவேன். தாயென்று அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்தக் கன்னம்தான்.

1987 தொடக்கத்தில் ஒரு பின்னேரம் வந்தாள். வடக்குக்கு மருந்து வருவது நின்றிருந்த காலம். ஐந்து வயதுப் பிள்ளை தானே நடந்து வந்து வாங்குப் பலகையில் சுருண்டது. ராக்காயி குனிந்து கன்னத்தை நெற்றியில் வைத்தாள். எடுத்து, மற்றக் கன்னத்தை வைத்தாள்.

"காய்ச்சல் இல்லீங்க. ஆனா நடுங்குது. ஏனுங்க?"

நான் பிள்ளையைத் தொட்டேன். நெருப்பு. தேமாமீற்றர் நூற்றிநாலு காட்டியது. அவள் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள்.

"புள்ள கன்னத்துல படுறது தெரியுதுங்க. சூடுதான் தெரியல" என்றாள்.

பிறகு நிலத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள். கால் பிறர்மேல் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சனம் அவர்கள். அவள் ஒரு கணம் தயங்கினாள். மடங்கிய கைகளால் பிள்ளையை இழுத்து, குளிக்க வார்த்த அதே இடத்தில், தழும்பேறிய கால்களின்மேல் முகம் பதியக் கிடத்தினாள். தழும்பு இல்லாத ஒரு ஓரத்தைத் தேடி, பிள்ளையின் நெற்றியை அதில் ஒட்டவைத்தாள்.

"சுடுதுங்க" என்றாள். "ஐயா, எம்புள்ள சுடுதுங்க."

அழுதாள். நானும் அழுதேன். குளோரோகுயின் ஐந்து குளிசைதான் அலுமாரியில் மிச்சம் இருந்தது. பிள்ளைக்குரிய அளவை உடைத்துக் கொடுத்தேன். மிச்சக் குளிசையைக் கடதாசியில் சரைகட்டி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் கேட்டாள்.

"இந்தக் காலாவது இப்பிடியே இருக்குமுங்களா?"

ஓம், இருக்கும் என்றேன். இது அவளிடம் நான் சொன்ன இரண்டாவது பிழை. முதலாவதைத் தெரியாமல் சொன்னேன்.