மடுல்கெல்ல பஸ்ஸில் போன சித்திரக்கதை

எனக்கு எதைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது, போஸ்டர் போதும். டீவி நாடகத்தில் ஒரு மாமியார் கதவைத் திறந்து உள்ளே வர ஏன் மூன்று நாள் ஆகிறது, இப்போதைய பாட்டுகளில் பாடுகிறவரை ஏன் மேளத்துக்கடியில் புதைக்கிறார்கள், சித்திரக்கதைக்கு வழவழத் தாள் ஏன் ஆகாது, எல்லாம் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

இந்த வாயை நம்பித்தான் என் கூட்டாளி ஒரு சனிக்கிழமை மத்தியானம் கண்டியில் இருக்கும் தன் இரும்புச் சாமான் கடைக்கு என்னைக் கூப்பிட்டு, ஒரு நீலப் பைலைத் தந்தான். உள்ளே நாற்பது பக்கச் சித்திரக்கதை. ஆணி நிறுத்துக் கொடுத்த நேரம் போக மிச்ச நேரத்தில், இரண்டு வருஷமாக அவன் கையாலேயே வரைந்தது.

"வேற கொப்பி இருக்கா?"

"இல்ல மச்சான். போட்டோகொப்பி கடையில பாத்துச் சிரிப்பானுகள்."

"வீட்ல காட்டினியா?"

"அவங்க நல்லா ஈக்குன்னுதான் செல்லுவாங்க. நீதான் வாய் கூசாம செல்லுவ. சரியில்லன்னா செல்லு, பொட்டில போட்டுப் பூட்டிட்டு ஆணிய நிறுக்கிறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் பைலை நான் இரண்டு தரம் இழுத்த பிறகுதான் அவன் கை விட்டது.

மடுல்கெல்ல போகும் பஸ்ஸில் ஏறினேன். என் வீடு பக்கத்தில்தான், கட்டுகஸ்தோட்டையில்; இவ்வளவு சீக்கிரம் இறங்குகிறவனுக்கு யார் இடம் தருவார்கள். ஆனால் நம் பஸ்களில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. நிற்கிறவர் கையில் இருப்பதை உட்கார்ந்திருக்கிறவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். ஜன்னலோரம் ரைஸ் குக்கர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா கையை நீட்டினார். பைல் குக்கர் மேல் ஏறியது.

பஸ் டீவியில் ஒரு பாட்டு ஓடியது. பக்கத்தில் நின்றவர், பாவம், "நல்ல பாட்டு" என்று சொல்லிவிட்டார். அது ஏன் நல்ல பாட்டில்லை என்று கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரைக்கும் அவருக்கு விளக்கினேன். கொண்டக்டர் கட்டுகஸ்தோட்டை என்று கத்தியதும் குதித்து இறங்கி, கடைசிக் காரணத்தை ஜன்னல் வழியாகச் சொல்லி முடித்தேன். பஸ் போய்விட்டது.

இன்றைக்குக் கை இரண்டும் என்ன சுகமாக வீசுகிறது என்று நினைத்துக்கொண்டே பத்து எட்டு நடந்திருப்பேன். பைல் குக்கர் மேலேயே போய்விட்டது.

பஸ்ஸைத் துரத்த வேண்டும் என்பது என் முதல் யோசனை என்று எழுத ஆசைதான். இல்லை. வாசிக்காமலே நல்ல அபிப்பிராயம் ஒன்று சொல்லிவிடலாம், எனக்கென்ன புதிதா என்பதுதான் முதல் யோசனை. கெலிஓயாவில் இருக்கும் மச்சினன் வீட்டில் கொஞ்ச நாள் ஒளிந்துகொள்ளலாம் என்பது இரண்டாவது. மூன்றாவதாகத்தான் ஆட்டோ.

"அந்தப் பஸ்ஸப் பிடிக்கணும் தம்பி."

"ஏறுங்கண்ணே. யாரு, பொண்ணா?"

"பைலு."

ஆட்டோவின் வேகம் பாதியாகக் குறைந்தது.

மடவளையைத் தாண்டும்போது போன் அடித்தது. கூட்டாளி.

"வாசிச்சியா?"

"ஆரம்பிச்சிட்டேன் மச்சான். கலரெல்லாம் தூக்கலா இருக்கு."

"நான் கறுப்பு வெள்ளையிலதானே வரைஞ்சேன்."

"அந்தக் கறுப்பத்தான் சொல்றேன்" என்று போனை அணைத்துவிட்டேன்.

வத்தேகமவில் பஸ் நின்றிருந்தது, ட்ரைவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே பாய்ந்தேன். அக்கா அதே இடத்தில் இருந்தார். குக்கர் மேல் பைல் விரிந்திருக்க, பக்கத்துச் சீட்டுக்காரரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது என்னோட பைலு."

"இருங்க தம்பி, இன்னும் பாதிதான் கெடக்கு." நிமிரவில்லை. "நீங்களா வரைஞ்சீங்க?"

"இல்லக்கா, கூட்டாளி."

"அதானே" என்றார். அது என்ன ‘அதானே’ என்று நான் இன்னும் ஆராயவில்லை.

பஸ் கிளம்பிவிட்டது. பிடுங்கத் தைரியம் வரவில்லை. நானும் பின்னால் நின்று பார்த்தேன். மலைக்கு மலை தாவுகிற ஒரு வீரன், ஆனால் இரத்தம் குடிக்கிற அட்டைக்கு மட்டும் பயம். நான் கொண்டக்டரிடம் திரும்பி டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தபோது, அக்கா வாய்விட்டுச் சிரித்தது கேட்டது.

பன்வில வருவதற்குள் முடித்துவிட்டு மூடித் தந்தார்.

"கூட்டாளிகிட்ட ஒன்னு சொல்லுங்க. அட்டை கடிச்சா வலிக்காது. கதையில இவரு, அட்டை கடிச்ச ஒடனே கத்துறாரு. நாங்க மலையில கொழுந்து எடுத்துக்கிட்டே இருப்போம், எறங்கி வந்து கால்ல ரத்தத்தப் பாத்தாத்தான் தெரியும். அப்பக் கத்தச் சொல்லுங்க, இன்னும் சிரிப்பா இருக்கும்."

"மத்தபடி?"

"அடுத்தது எப்ப வரும்?"

இத்தனை வருஷம் பேசிய பேச்சில் இவ்வளவு உருப்படியான ஒன்றை நான் சொன்னதில்லை. ஆகவே பன்வில பஸ் ஹோல்ட்டில் இறங்கி, கூட்டாளியைக் கூப்பிட்டு, அதை என் சொந்தச் சரக்காகவே எடுத்துவிட்டேன்.

"அட்டை கடிச்சா வலிக்காது மச்சான்."

"நீ அட்டையப் போட்டோவுலதானே பாத்திருக்க. யாரு சொன்ன?"

எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், குக்கர், பாட்டு, ஆட்டோ, கலர். ஏச்சுக்குக் காத்திருந்தேன். அந்தப் பக்கம் யாரோ கதவுப் பிணைச்சல் விலை கேட்டார்கள், இவன் "பொறுங்க" என்றான்.

"அவங்க சிரிச்சாங்களா?"

"ஒரு தரம். நல்லா."

"எந்தப் பக்கத்துல?"

"கவனிக்கல மச்சான். டிக்கெட் எடுத்துக்கிட்டு இருந்தேன்."

தொலைத்ததற்கு விழாத ஏச்சு இதற்கு விழுந்தது. ஒரே ஒரு வேலை, அதைக்கூடப் பார்க்காமல் வந்தாயா என்றான். போனை வைத்துவிட்டு, திரும்பும் பஸ் வரும்வரை ஹோல்ட்டில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். பதினோராம் பக்கத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே கூப்பிட்டுச் சொன்னேன்.

"உன்ன யாருடா கேட்ட" என்றான். "பைலக் கொண்டா. அட்டை கடிக்கிற பக்கத்தத் திரும்ப வரையணும்."