கொழுஞ்சி பூக்கும் முன்

அச்சங்குளத்தில் எங்கள் பழைய நிலத்தில் இன்று வெடி ஆலை நிற்கிறது. தீப்பற்றக் கூடாதென்று அதன் அறைகளைச் சுற்றிப் பெண்கள் செடிகொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தனர். புதிய கைப்பேசிக் கோபுரத்தின் அடியில் அவர்கள் குவித்திருந்த கொழுஞ்சியின் பச்சை நெடி என்னை ஐம்பது ஆண்டுகள் பின்னுக்கு இழுத்தது.

கணவனை இழந்து எங்களோடு வாழ்ந்த அத்தை, வேப்பமரத்தில் பானை கட்டித் தேனீ வளர்த்தாள். கொழுஞ்சி வேரை அரைத்து, அத்தேனில் குழைத்து, வயிற்றுவலிக்குக் கொடுப்பாள். காலையில் அவள் எதிர்ப்பட்டால் ஒதுங்கிப் போவோரும், பிள்ளை அழுதால் அவளைத் தேடித்தான் வருவர்.

தந்தையோ கொழுஞ்சியை வயலுக்கு உரமாகவே வளர்த்தார்; மொட்டு விட்டதும் மடக்கி உழுதுவிடுவார். ஓராண்டு மழை பொய்த்து, வேறெங்கும் பூவில்லை.

"அண்ணே, பூ உதிருற மட்டும் பொறுங்களேன். ஈக்கு நான் வேற எங்கன போவேன்?" என்றாள் அத்தை.

"ஈக்கா வெள்ளாமை வைக்கேன்? பூத்து முத்துனா தண்டு நாராயிரும் தாயி, மண்ணுல மக்காது" என்று தந்தை ஏர் பூட்டினார்.

சில நாள்களில் பானையில் ஈக்களின் இரைச்சல் ஓய்ந்தது. அத்தை அதில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இறக்கிவைத்தாள். மருந்து கேட்டு வருவோரும் நின்றுபோயினர். பின்னர்ச் சாத்தூர்த் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

மறு ஆண்டு தந்தை வரப்போரம் கொஞ்சம் கொழுஞ்சியை உழாமல் விட்டார். அது ஊதா நிறத்தில் பூத்தது, ஈக்களும் மொய்த்தன. ஞாயிறன்று அவர் அத்தையை அழைத்தார்: "வந்து பாரு தாயி, எம்புட்டு ஈ!"

"காலு வலிக்குண்ணே. நீங்களே பாருங்க" என்று அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.