திதி இல்லாத அப்பா

சண்டை நெருங்கி ஊரே வெளிக்கிட்டபோது, வீட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அப்பா மட்டும் யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர்கள் யாரும் இல்லை. அம்மா கொழும்புக்கு வந்து, தொண்ணூறுகளின் கடைசியில் ஒருவழியாக ரொறன்ரோவில் என்னோடு சேர்ந்தார். நெற்றியில் அதே பெரிய குங்குமப் பொட்டு இருந்தது.

ஆடி அமாவாசை தகப்பனை இழந்த ஆண்கள் விரதம் பிடிக்கும் நாள். அதற்கு முதல் நாள், தொழிற்சாலையில் கூட வேலை செய்த அண்ணை ஒருவர், "தம்பி, நாளைக்கு நீரும் விரதமோ?" என்று கேட்டார். என்னால் ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. கண்கலங்கிப் போய்க் கழிவறைக்குள் நின்றேன்.

வேலை முடிந்ததும் கோயிலுக்குப் போய் அப்பாவின் கதையைச் சொன்னேன். "செத்த திதி தெரியாட்டில் ஆடி அமாவாசையிலை எள்ளுத்தண்ணி இறைக்கலாம் தம்பி" என்றார் ஐயர். "எங்கடை ஒரு மாசம் பிதிர்களுக்கு ஒரு நாள். அமாவாசைக்கு அமாவாசை குடுக்கிறது அவைக்கு நாளாந்தச் சாப்பாடு."

நிலவைப் பார்த்து நாளை வகுத்த அந்தக் காலத்து மனிதர்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இருப்பவருக்கு ஒரு கணக்கு, செத்தவருக்கு ஒரு கணக்கு. இரண்டிலும் சேராத என் அப்பாவுக்கு அவர்கள் எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை.

வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்டுக்கு வந்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"உயிரோட இருக்கிற மனிசனுக்கு எள்ளுத்தண்ணியோ? அப்ப நான் பொட்டை அழிக்கட்டோ?"

"இல்லாமல் போயிருந்தால், அம்மா? இவ்வளவு நாளும் பட்டினியெல்லோ கிடக்கிறார்!"

சொல்லியிருக்கக் கூடாது. அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

காலையில் நான் எழும்பியபோது குசினியில் கத்தரிக்காய்க் கறி மணத்தது. அம்மா முழுகி, பொட்டு வைத்து, வாழையிலைத் துண்டில் சோறும் கறியும் போட்டு என்னிடம் நீட்டினார்.

"பல்கனியிலை கொண்டுபோய் வை. எள்ளு மட்டும் போடாதை. சோறும் கறியுமெண்டால் உயிரோட இருக்கிறவையும் சாப்பிடுவினம்தானே."

கொண்டுபோய் வைத்தேன். காகத்தைக் கூப்பிட வாய் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து அம்மாவே கூப்பிட்டார், "வாங்கோ, வந்து சாப்பிடுங்கோ" என்று. அம்மா காகங்களுக்கு ஒருநாளும் மரியாதை கொடுத்துப் பேசியதில்லை.