பட்டியலில் பன்னிரண்டு இல்லை

எங்கள் தீவில் பிறந்து வளர்ந்தவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. இன்னொருவர் காருக்குக் குறுக்கே தம் காரை நிறுத்தி, கைப்பிரேக்கை விடுவித்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள், அவசரமானவன் தள்ளிக்கொள்ளட்டும். திரும்பும்போது சிக்னல் போடமாட்டார்கள். தாம் எங்கே போகிறோம் என்பது பின்னால் வருகிறவனுக்கு எதற்கு? தெருப்பலகையில் என்ன பெயர் இருந்தாலும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். வழி கேட்டால், எப்போதோ இடித்துவிட்ட சினிமாக் கொட்டகையில் இடது பக்கம் திரும்பச் சொல்வார்கள். கோலாலம்பூர் போய் வந்தால் வாசலிலேயே, அங்கே சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்பார்கள். கொடிமலை உச்சியில் மேகம் இறங்கினால் கொடியில் காயும் துணியை எடுப்பார்கள். பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்துக்குப் போக வேண்டுமென்றால் முதல்நாளே முகம் வாடிவிடும். தண்ணீர்ப் போத்தல், மாற்றுச் சட்டை, தலைவலி மாத்திரை எல்லாம் பையில் ஏறும். பாலத்தில் ஓடும் நேரம் என்னவோ கால்மணி நேரம்கூட இல்லை.

என் வேலை, பழுதான மின்னணுச் சில்லுகளைப் பிளந்து பார்த்து எந்த இடத்தில் எதனால் கெட்டது என்று எழுதுவது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். எதையும் எண் போட்டு எழுதினால்தான் எனக்கு நிம்மதி. ஊர்க்காரர்களின் பழக்கங்களையும் அப்படித்தான் கைபேசியில் எழுதி வைத்திருந்தேன், சிரிப்பதற்காக.

தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். அவன் கல்யாணம் செய்துகொள்ள விரும்பிய பெண் புக்கிட் மெர்தாஜாம்காரி; புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில், கியூசி என்பார்களே, அதில் இருந்தாள். அப்பாவுக்கு ஆட்சேபம் இல்லை. அப்பாவுக்கு எதிலும் ஆட்சேபம் இருந்ததில்லை. அம்மாதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற முழு நிலத்தையும் அம்மா 'பட்டர்வொர்த்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார். அங்கே எல்லாம் தூசி, எல்லாம் லோரி, பெண்கள் சத்தமாகப் பேசுவார்கள், மீன் பழசு. தம்பி விஷயத்தைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு அழைத்துவரச் சொன்னார். "வரட்டும், பாக்கலாம்," என்றார். எங்கள் வீட்டில் அது பரீட்சைக்குத் தேதி குறிப்பது.

இந்த அம்மா பிறந்தது அதே அந்தப் பக்கத்தில், கெப்பாலா பத்தாஸில். இதை எங்கள் வீட்டுக்கு வருகிற யாருக்கும் அவர் சொல்லமாட்டார்.

கல்யாணமாகி தீவில் டத்தோ கெராமாட் பக்கம் இருக்கிற இந்த வீட்டுக்கு வந்தபோது, இங்கே அப்பாவின் அக்கா இருந்தார், என் அத்தை. தனியாளாக, கடைசிவரை எங்களோடே இருந்தவர். அத்தை ஒருநாளும் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அக்கரைக்காரி. குழம்பில் உப்புக் கூடினால், "அக்கரைக்காரி சமையல்லா, வேற எப்படி இருக்கும்?" உப்புச் சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். விருந்தாளிகள் அம்மா எங்கே என்று கேட்டால், "அக்கரைக்காரி உள்ளதான் இருக்கா." எனக்கு ஐந்து வயதிருக்கும்போது அதுதான் அம்மாவின் பெயர் என்று நினைத்து பாலர்பள்ளியில் ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறேன். ஆசிரியை வீட்டில் வந்து சொன்னார். அத்தை அதைப் பல வருடங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் கூடவே சிரிக்க வேண்டியிருந்தது.

அத்தை இறந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. தம்பிக்கு ஏழு, அவனைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். எல்லாம் முடிந்து உறவினர்கள் போனபிறகு, அம்மா கூடத்தைக் கழுவிவிட்டு, துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு, அப்பாவையும் என்னையும் பார்த்துச் சொன்னார்: "இனிமே இந்த வீட்டுல அந்த வார்த்தை வரக்கூடாது."

வரவில்லை. அம்மா தீவுக்காரர்களிலேயே பெரிய தீவுக்காரர் ஆனார். தம்பி சின்ன வயதில் கேட்டதை மறந்து, அந்தச் சொல் இல்லாத வீட்டில் வளர்ந்தான். ஒரு சொல் இல்லை என்பது யார் கண்ணிலும் படாது. அவனுக்கும் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாரம் முன்பு தம்பி என்னைப் புக்கிட் மெர்தாஜாமுக்குக் கூட்டிப்போய் அவளைக் காட்டினான். தெருவோர ஒட்டுக்கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் குடித்தோம். சுறுசுறுப்பான பெண், பேசும்போது கண்ணாடித் தம்ளரை மேசையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "நான் அக்கரைக்கு வந்தாலே வழி தெரியாம முழிப்பேங்க்கா," என்றாள். "நீங்கதான் சைன்போர்டை நம்பவே மாட்டீங்களே."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் அக்கரை என்று சொன்னது எங்களை. அவர்கள் இருக்கிற நிலத்துக்கு மலாயிலேயே செபராங் என்றுதான் பெயர், அக்கரை என்றுதான் அர்த்தம். ஆனாலும் அவர்கள் கரையில் நின்று பார்த்தால் நாங்கள்தானே அந்தக் கரை. தப்பே இல்லை. நான் தே தாரிக்கைக் குடித்து முடித்தேன். தம்பி கவனிக்கவே இல்லை.

அவள்தான் கேட்டாள். உங்கள் அம்மாவுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது, எல்லாம் எழுதியே கொடுத்துவிடுங்கள், படித்துக்கொண்டு வருகிறேன் என்றாள். அவளுக்குப் பயம் இருந்தது; அதை மறைக்கவில்லை. அவளுக்கு அப்பா இல்லை. அம்மாவும் இரண்டு தங்கைகளும் இந்தச் சம்பந்தத்தை நம்பிக்கொண்டிருந்தார்கள் என்று தம்பி வழியில் சொன்னான்.

என் பழைய பட்டியலோடு வீட்டு விதிகளையும் சேர்த்து எழுதினேன். வந்ததும் பசியாறிட்டீங்களா என்று கேட்க வேண்டும், அது காலைச் சாப்பாட்டுக்கான கேள்விதான், மதியமானாலும் கேட்க வேண்டும். ஆன்ட்டி வேண்டாம், அம்மா என்றே கூப்பிட வேண்டும். முதல் தடவை போதும் என்று சொல்லி, இரண்டாம் தடவை வாங்கிக்கொள்ள வேண்டும். கோலாலம்பூர்ச் சாப்பாட்டைத் திட்டினால் நல்லது. ஒன்பதாவது: டப்பாவில் ஏதாவது கொண்டு வா, எங்கள் வீட்டில் டப்பாவை ஒருநாளும் வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் தருவார்கள், அதை வாங்கிக்கொள். பன்னிரண்டாவது: அக்கரை என்ற சொல்லை எங்கள் வீட்டில் சொல்லாதே, எதற்காகவும். மொத்தம் பதினைந்து.

அன்றிரவு முதல் பதினொன்றை மட்டும் அனுப்பினேன். மீதியை ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருந்தது. அரைமணி நேரத்தில் என் பட்டியல் திரும்பி வந்தது, திருத்தங்களோடு. நான்காவது எங்கள் ஊரிலும் உண்டு. ஆறாவதும் பத்தாவதும் ஒன்றுதான், சேர்த்துவிடலாம். ஏழாவதில் காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கின்றன. எல்லாமே சரியான திருத்தங்கள். தம்பியிடமிருந்து சிரிப்புப் பொம்மைகளோடு ஒரு செய்தி: "உனக்கே கியூசி பண்ணிட்டா பாத்தியா அக்கா."

பன்னிரண்டை அழித்துவிட்டு மீதி மூன்றை அனுப்பினேன்.

எங்கள் வேலையில், ஒரு பழுதுக்கு ஏன் என்று ஐந்து முறை கேட்கச் சொல்லித் தருவார்கள். ஏன் அழித்தேன்? அவள் என்னைத் திருத்தினாள். அதனால் என்ன? தம்பி சிரித்தான். அங்கேயே நிறுத்திக்கொண்டேன். கீழே தோண்டினால் இதைவிடப் பெரிதாக எதுவும் கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

வேலைப் பழக்கம் இன்னொன்றும் உண்டு. ஆவணத்தில் ஒரு வரியை நீக்கினால் அடுத்த வரிகளின் எண்களை மாற்றமாட்டோம். பதினொன்றுக்குப் பிறகு பதின்மூன்று போனது. அவள் உடனே கேட்டாள்: "பன்னெண்டக் காணோமேக்கா?" நம்பரைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று எழுதினேன். பேச்சில் போடுவதுபோல் கடைசியில் ஒரு 'லா'வும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கேசரி கொண்டுவந்தாள், நீல மூடி போட்ட டப்பாவில். வாசலிலேயே பசியாறிட்டீங்களாம்மா என்று கேட்டாள், மணி பன்னிரண்டரை. அம்மா என்னைப் பார்த்தார், பரவாயில்லையே என்பதுபோல. வழி கஷ்டமாக இருந்ததா என்ற கேள்விக்கு, பழைய சினிமாக் கொட்டகை இருந்த இடத்தில் திரும்பினோம் என்றாள். கோலாலம்பூரில் இரண்டு வருடம் படித்தபோது ஆறு கிலோ இளைத்ததைச் சொன்னாள். அம்மா சிரித்துவிட்டார். உண்மையான சிரிப்பு, தோள் குலுங்கும். தம்பி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தான், ஜெயித்துவிட்டோம் என்று.

அம்மா அன்று கெண்டையோ கெளுத்தியோ வைக்கவில்லை. விலைகூடிய கருப்பு வாவல், பெரிய துண்டுகள், புளி சரியான அளவில். அவள் போதும் என்றாள், பிறகு இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டாள். அம்மா கரண்டியோடு நின்று, குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற யாரிடமும் அவர் இதைக் கேட்டதில்லை.

அவள் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, முகம் முழுக்கச் சிரிப்போடு சொன்னாள்: "அக்கரைக்காரி சமையல்லாம்மா, வேற எப்படி இருக்கும்?"

பாராட்டுத்தான். தீவுக்காரி கைப்பக்குவம் வேறு எப்படி இருக்கும், நன்றாகத்தான் இருக்கும் என்று அர்த்தம். சொல்லுக்குச் சொல் அத்தையின் வாக்கியம். நானே எதிர்பார்க்காத அளவுக்குச் சரியாக விழுந்தது. எங்கோ ஓரிடத்தில் அந்தச் சொல் தட்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அம்மா கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "சாப்பிடும்மா," என்று அம்மா சொன்னார், மிகவும் அமைதியாக. அதன்பிறகு அவர் உட்காரவில்லை. அவள் தட்டைக் கழுவ எழுந்தபோது தொட விடவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

தம்பி அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும்வரை அம்மா கூடத்திலேயே இருந்தார். முதலில் அப்பாவிடம் கேட்டார், இவளுக்கு யார் சொன்னது என்று. அப்பா தெரியாது என்று தலையை ஆட்டினார். என்னிடம் கேட்டார். "தெரியலம்மா," என்றேன். அது பொய்யே இல்லை, யாரும் சொல்லவில்லை. மிச்சம் இருந்தது ஒருவன்தான்.

அவன் சாவியை மாட்டிக்கொண்டே உள்ளே வந்து, எப்படிம்மா என்று ஆவலோடு கேட்டான்.

"என்னை வச்சு ரெண்டு பேரும் சிரிச்சீங்களா?" என்றார் அம்மா.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எதைச் சொல்கிறார் என்று கேட்டான். தெரியாதவன்போல் நடிக்கிறான் என்று அம்மாவுக்குப் பட்டது. அவன் கேட்கக் கேட்க அது உறுதியானது. என்ன வார்த்தை என்று அவன் கெஞ்சினான். அம்மா அதைத் தன் வாயால் சொல்லமாட்டேன் என்றார். அப்பா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஓர் அறையில் மூன்று பேர், அதில் ஒருத்திக்கு மட்டும் எல்லாம் தெரியும். அந்த ஒருத்தி தட்டுகளைத் துடைத்து அடுக்கினாள்.

மறுநாள் காலையில் நீல மூடி டப்பா மேசைமேல் இருந்தது. கழுவி, துடைத்து, மூடியை இறுக்கி மூடி. தம்பி வேலைக்குப் போகிற வழியில் அவளிடம் கொடுக்க எடுத்துக்கொண்டான். கனம் இல்லாததை அவன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். சீனி டின் பக்கத்திலேயேதான் இருந்தது. ஒரு பிடி போட்டிருந்தால் போதும்; அம்மா தெரிந்துகொள்ளவே போவதில்லை.

மதியம் செய்தி வந்தது. "அக்கா, டப்பா காலியா வந்திருக்கு. நான் என்ன தப்பு பண்ணேன்?"

ஒன்பதாவதைப் படித்திருந்தாள். படித்தவர்களுக்குத்தான் அது புரியும். ஒன்றுமில்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மறந்திருப்பார் என்று பதில் எழுதினேன்.

அடுத்த மூன்று வாரம் அவள் அம்மாவைக் கைபேசியில் அழைத்தாள். அம்மா ஒவ்வொரு முறையும் எடுத்தார். நல்லாயிருக்கியாம்மா, வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டு வைத்துவிடுவார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அத்தைக்கு இந்த வித்தை தெரியாது. அத்தை வாயால் பேசிவிடுவார். அந்தப் பெண்ணின் தாயார் ஒரு தடவை பேச முயன்றபோது அம்மா, எங்களுக்குத் தூரமா இருக்கும், பாலம் தாண்டணுமே, என்றாராம்.

கடைசியில் தம்பி அப்பாவைப் பிடித்து உலுக்கி விஷயத்தை வாங்கினான். என்ன சொல், யார் சொன்ன சொல், எத்தனை வருடம். அவன் அதை அப்படியே அவளிடம் சொல்லியிருக்கிறான், மன்னிப்புக் கேட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில். அன்று மாலை நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கொடிமலையில் மேகம் இறங்கியிருந்தது. கைபேசி அதிர்ந்தது. அவளிடமிருந்து ஒரே வரி.

"12 இதுதானே?"

ஒட்டுக்கடையில் என்னிடம் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தது அவளுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தரச் சோதனைக்காரி; விடுபட்ட எண்ணை மறக்கமாட்டாள். துணிகளைக் கூடையில் போட்டுவிட்டு, ஆமாம் என்று எழுதி அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று காட்டியது. அதற்குமேல் எதுவும் வரவில்லை.

மன்னிப்புக் கேட்க அவள் வரவில்லை. இந்த வீடு வேண்டாம் என்று மட்டும் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். ஏன் என்று சொல்லவில்லை. என் பெயரையும் எடுக்கவில்லை. போன மாதம் அவளுக்கு வேறிடத்தில் நிச்சயமாகிவிட்டது.

தம்பி இப்போது அம்மாவிடம் பேசுவதில்லை, என்னிடம்தான் பேசுகிறான். நேற்றுக்கூட அறை வாசலில் வந்து நின்றான். "அவளுக்கு அம்மா மேல கோவம்னா புரியுது. என்கிட்டயும் ஏங்க்கா பேச மாட்டேங்கிறா? உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"தெரியலடா," என்றேன். "பசியாறிட்டியா?"