மூன்றால் வகுபடாத ஏக்கர்

பத்திரம் எழுதுகிறவனுக்குக் கையெழுத்து அழகாக இருந்தால் போதும் என்று நம்பித்தான், ஐம்பதுகளின் தொடக்கத்தில் போடிநாயக்கனூரில் மேசை போட்டு உட்கார்ந்தேன். கணக்கு என்னைத் தேடி வந்து உதைத்தது. வகுத்தலில் மீதியைக் கண்டு பென்சிலைக் கடித்தவர்களே, நீங்களும் நானும் ஒரே சாதி.

முடியாத மூன்று

போடிமெட்டுச் சரிவில் ஒரு ஏக்கர் ஏலத்தோட்டம். அப்பா போன பிறகு அண்ணன் தம்பி மூவர் பாகம் பிரிக்க வந்தார்கள். ‘மூன்றில் ஒரு பங்கு’ என்று எழுதப் போனேன். மூத்தவர் தடுத்தார். செண்டுக் கணக்கில் இருந்தால்தான் பின்னால் சண்டை வராதாம்.

நூறு செண்டை மூன்றால் வகுத்தேன். முப்பத்து மூன்று, ஒரு புள்ளி, அப்புறம் மூன்று, மூன்று, மூன்று... காகிதத்தின் ஓரம் வந்துவிட்டது, மீதி ஒன்று மட்டும் அசையவில்லை. இது முடியவே முடியாது என்றேன்.

“முடியாதுன்னா எப்படி? ரெண்டு மணி பஸ்சப் பிடிக்கணும், வெரசா முடிங்க” என்றார் மூத்தவர்.

காணாமல் போன மண்

புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்தி, ஆளுக்கு 33.33 செண்டு என்று எழுதினேன். நடு அண்ணன் ஏலக்காய் மண்டியில் தராசு பிடிக்கிறவர். விடுவாரா? கூட்டிப் பார்த்தார். 99.99தான் வந்தது. குறைந்ததைச் சதுர அடியாக்கிக் காட்டினேன்: நாலும் சொச்சமும், ஒரு ஆள் நிற்கிற இடம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மிச்சத்த உங்க பேருக்கு எழுதிக்கிட்டீகளோ?”

ஏலக்காய் அளவு

மிச்சத்தை மூத்தவருக்குச் சேர்த்தால் இளையவர் முறைத்தார். இளையவருக்குச் சேர்த்தால் நடு அண்ணன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். கோர்ட்டு வரை பேச்சு போய்விட்டது. என் மேசையில் ஒரு குடும்பம் உடைகிறதே என்று எனக்கு நிஜமாகவே பயம்.

ஒவ்வொரு பங்கின் கடைசியிலும் இன்னொரு மூன்றைச் சேர்த்தேன். மிச்சம் ஒரு கால் வைக்கிற இடமாகச் சுருங்கியது. இன்னொரு மூன்று: குழந்தையின் உள்ளங்கை. இன்னொன்று: ஓர் ஏலக்காய் வைக்கலாம். இதற்குமா சண்டை என்று கேட்டேன். தராசுக்காரர் மசியவில்லை.

“ஏலக்காயின்னா சும்மாவா? மண்டிக்கு வந்து வெலையக் கேளுங்க.”

நிற்க ஓர் இடம்

‘எனக்குப் பாத்தியதை இல்லை’ என்று கைநாட்டு வைப்பதற்காகத் தேவாரத்திலிருந்து அவர்கள் தங்கையைக் கூட்டி வந்திருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தம்மா, “மொதல்ல சொன்னீகளே, அதுல ஒரு ஆளு நிக்கலாமா?” என்று கேட்டார். நிற்கலாம் தாயி என்றேன். மூத்தவரைப் பார்த்து, கோபமே இல்லாமல் சொன்னார்:

“அத எனக்கு எழுதச் சொல்லுங்கண்ணே. பொறந்த எடத்துக்கு வந்தா, யாரையும் கேக்காம நிக்க ஒரு எடம் வேணும்ல.”

மூவரும் தலையைக் குனிந்தார்கள், நானும் பழைய 33.33-க்கே திரும்பி அப்படியே எழுதினேன், நூறும் சரியாக வந்தது. பிள்ளைகள் எத்தனை பேர் என்று முதலிலேயே கேட்டிருந்தால், நாலு பேருக்கு ஆளுக்கு இருபத்தைந்து, புள்ளி வைக்கிற சோலியே இருந்திருக்காது.