பின்பக்கமாகப் போன படகு

அந்தத் தெருவில் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. காயில்காரர் என்றால் குழந்தைகூடக் கடையைக் காட்டும். மின்விசிறி மோட்டார் கருகிப் போனால் பழைய செம்புக் கம்பியைப் பிய்த்து எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவது அவர் தொழில். கடைக்குள் நுழைந்தால் வார்னிஷ் வாடை மூக்கைத் துளைக்கும். நாளைக்குத் தருகிறேன் என்று அவர் சொன்னால் அடுத்த வாரம் என்று அர்த்தம். அதையும் அவரே சொல்லிச் சிரிப்பார். "மத்தவங்க கிண்டல் பண்ணா எனக்குக் கோபம் வருது. அதான் முந்திக்கிட்டு நானே பண்ணிக்கிறேன்" என்பார்.

அந்தக் கோபம்தான் அவருக்கு ஆகாத சங்கதி. மகள் ஒருநாள் வந்து நின்று, ஏசி மெக்கானிக் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். பையன் நல்ல பையன்தான். சிரித்த முகம், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. ஆனால் ஏசி. ஒவ்வொரு வீடாக ஏசி நுழைய, ஒவ்வொரு வாடிக்கையாளராக அவர் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கத்தினார். கத்தியது போதாதென்று, "காத்தை டப்பாவுல அடைச்சு விக்கிறவன் வீட்டு வாசப்படியை என் ஆயுசுக்கும் மிதிக்க மாட்டேன்" என்றும் சொல்லி வைத்தார். சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் மகள் யாருடைய மகள்? "சரிப்பா, மிதிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அப்புறம் பேச்சுவார்த்தை இல்லை. அவர் மனைவி மட்டும் வாராவாரம் பஸ் ஏறிப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவார். வந்ததும் அடுப்படியில் நின்றபடி, புதுத் திரைச்சீலை, மகளுக்குச் சளி, மாப்பிள்ளை வாங்கிய அலமாரி என்று சுவரைப் பார்த்துச் செய்தி வாசிப்பார். காயில்காரர் செய்தித்தாளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார். ஒருமுறை செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். மனைவி பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார்.

மகள் வீடு ஏரிக்கு அக்கரையில். கடையின் மொட்டைமாடியில் நின்றால் அந்த வீட்டின் பச்சை நிறத் தண்ணீர்த் தொட்டி தெரியும். தினமும் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்றுதானே சொன்னோம்? பின்பக்கமாக, ஏரி வழியாக வரமாட்டேன் என்று சொல்லவில்லையே. வக்கீலாகியிருக்க வேண்டிய மூளை செம்புக் கம்பியில் சிக்கி வீணாகிவிட்டதே என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

மாற்றலாகிப் போன வாடிக்கையாளர் ஒருவர் சாமான்களைக் கழித்துக் கட்டும்போது, காற்றடிக்கிற ரப்பர் படகு ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். துடுப்பு போட்டே போகலாம். ஆனால் மோட்டாரில் ஊறின மனுஷன் துடுப்பு போட்டு, மூச்சு வாங்க, வேர்த்து விறுவிறுத்துப் போய் இறங்கினால் அந்த ஏசிக்காரன் என்ன நினைப்பான்?

கார் ரேடியேட்டரில் இருக்கும் விசிறியின் மோட்டாரைக் கழற்றினார். அது பேட்டரியில் ஓடும். உயரமான கூரைகளில் ஃபேன் தொங்கவிடுகிற நீளக் குழாய் ஒன்றை எடுத்தார். அதற்குள் இரும்புக் கம்பியை விட்டு, கம்பி உரசாமல் சுழல இரண்டு முனையிலும் புஷ் என்கிற வளையம் வைத்து கிரீஸை அப்பினார். மேல் முனையில் மோட்டார். கீழ் முனையில், எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையை வெட்டிச் செய்த சின்ன இறக்கைகளை நட்டு போட்டு முடுக்கினார். படகின் பின்பக்கத்தில் ஒரு பலகையைக் கட்டி அதில் மாட்டினால், குழாய் சாய்வாகத் தண்ணீருக்குள் இறங்கும். மோட்டார் நனையாது. வாடிக்கையாளர்களுடைய விசிறிகள் மூலையில் தூசி தின்றுகொண்டிருக்க, இந்த வேலை மட்டும் சொன்ன தேதியில் முடிந்தது.

"பஸ் இருக்குங்க" என்றார் மனைவி.

"பஸ் வாசல்ல கொண்டுபோய் விடும்."

மனைவி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். கூட வாழ்ந்த அனுபவம்.

கடை வாசலில் டிரம்மில் தண்ணீர் நிரப்பிச் சோதித்தார். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் குழாயை ஒட்டி மேலே பீறிட்டு வந்து முகத்தில் அறைந்தது. சட்டை தொப்பலாக நனைந்தது. அவர் பூரித்துப் போனார். இத்தனை வருஷத் தொழிலில் அவர் கற்ற ஒரே பாடம், காற்று ஆள்மேல் வந்து விழ வேண்டும் என்பது. விசிறியை மாட்டியதும் கீழே நின்று முகத்தை நிமிர்த்துவார். முகத்தில் அடித்தால் வேலை சுத்தம். டிரம்மிலும் முகத்தில்தான் அடித்தது. பிறகென்ன?

ஞாயிற்றுக்கிழமை மாலை, தானும் அங்கே இருப்பதாகச் சொல்லி மனைவி முன்னாலேயே பஸ் ஏறிவிட்டார். "மூழ்கினா பார்க்க ஆள் வேணுமில்ல?"

அவர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, படகை ஏரியில் இறக்கி, அக்கரையைப் பார்த்துக் கம்பீரமாக உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினார். படகு முன்னால் போகவில்லை. விருட்டென்று பின்னால் வந்து கரைச் சேற்றில் ஏறியது. தள்ளிவிட்டு மறுபடி தட்டினார். மறுபடி சேறு. மூன்றாம் முறை முதுகில் தண்ணீர் சளார் சளார் என்று அடித்தபோதுதான் மண்டையில் உறைத்தது. இறக்கை தண்ணீரைப் படகுக்குப் பின்னால் தள்ள வேண்டும். அவருடைய இறக்கையோ, உட்கார்ந்திருக்கும் ஆளுக்குக் காற்று வரட்டும் என்று அவர் மேலேயே தள்ளிக்கொண்டிருந்தது. ஏரியில் தனக்குத்தானே விசிறி மாட்டிக்கொண்ட முதல் ஆள் நாம்தான் என்று வாய்விட்டுச் சொன்னார். பக்கத்தில் நின்ற கொக்கு பறந்துவிட்டது.

வயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். சுற்றினால் நட்டு கழன்று இறக்கை ஏரிக்கு அடியில் போய்விடும். திரும்பிப் போகவும் மனம் வரவில்லை. வேறு வழியில்லாமல் படகையே திருப்பினார். மோட்டார் முன்னால் போக, அவர் பின்னால். மோட்டாரைப் பார்த்து உட்கார்ந்தால் மூக்குக் கண்ணாடியெல்லாம் தண்ணீர். அதனால் அதற்கு முதுகைக் காட்டி, கையைப் பின்னால் வளைத்துப் பிடியைப் பற்றிக்கொண்டு, தன் கடை சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தபடி மகள் வீட்டுக்குப் போனார். வழி நெடுக முதுகில் தண்ணீர்.

படகு எதிலோ முட்டி நின்றது. திரும்பிப் பார்த்தார். மகள் வீட்டின் பின்பக்கத்தில் ஆளுயரத்துக்கு மதில் சுவர். கதவும் இல்லை, படியும் இல்லை. பின்பக்கம் எப்படி இருக்கும் என்று மனைவியிடம் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் ஆசை தெரிந்துவிடுமே. முழங்கால் சேற்றில் இறங்கினார். செருப்பு சேற்றிலேயே தங்கிவிட்டது.

சுவருக்கு மேல் மாப்பிள்ளையின் தலை முளைத்தது. "மாமா, ஏணி இறக்கட்டுமா? ஏறி வந்துடலாம்."

சிரிக்கவில்லை. அதற்காகவே அவனை அவருக்கு அந்த நொடி பிடித்துப்போயிற்று. பக்கத்தில் மகள் தலை தெரிந்தது. கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"இது நீங்களே செஞ்சதாப்பா?"

"பின்ன? வாசப்படியை மிதிக்கவும் கூடாது, வந்தும் ஆகணும். உங்கப்பனுக்கு எவ்வளவு மூளை பாரு. கொஞ்சம் பின்பக்கமா ஓடுது, அவ்வளவுதான்." அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார்.

அவள் சிரிக்கவில்லை. "அப்போ நீங்க என்னைப் பார்க்க வரலப்பா. உங்க வார்த்தையைக் காப்பாத்திக்க வந்திருக்கீங்க" என்றாள். அவள் தலை சுவருக்குப் பின்னால் மறைந்தது.

பதிலுக்கு ஒரு கிண்டல் தேடினார். அவரிடம் எப்போதும் ஒன்று தயாராக இருக்கும். இப்போது ஒன்றும் வரவில்லை. இத்தனை நாள் மோட்டாரோடு மல்லுக்கட்டியபோது, அவள் முகம் எத்தனை முறை நினைவுக்கு வந்தது? வாசப்படிதான் வந்தது. அவமானமாக இருந்தது, சிரித்துத் தட்டிக்கழிக்க முடியாத அவமானம்.

மாப்பிள்ளை ஏணியைப் பாதி இறக்கியிருந்தான். ஏறினால் சொன்ன சொல் நிலைக்கும்.

"வேணாம் மாப்ள. வாசல் எந்தப் பக்கம்?"

மாப்ள என்று அவர் அவனைப் பார்த்துச் சொல்வது அதுதான் முதல் தடவை. அவன் கையால் காட்டினான். அவர் சுவரைப் பிடித்தபடி பக்கத்துச் சந்தில் நடந்தார். தெருவில் காற்று வாங்கிக்கொண்டிருந்தவர்கள், இஸ்திரி போட்ட சட்டையும் முழங்கால்வரை சேறுமாக ஒரு பெரியவர் வருவதை வேடிக்கை பார்த்தார்கள்.

கதவு திறந்திருந்தது. மனைவி துண்டோடு உள்ளே நின்றார். மகள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. அவருக்கும்தான். படிக்குக் கீழேயே நின்று காலைக் குனிந்து பார்த்தார்.

"கால் பூரா சேறும்மா" என்றார்.

"பரவாயில்லப்பா, நான் கழுவிக்கிறேன். மிதிங்க."

மிதித்தார்.